சாயங்கால ஷட்டர்

"நாலு பேர் சாமான் வாங்க வர்ற நேரத்துல ஷட்டரை இறக்கிட்டு உள்ள போயிடறார் மனுஷன். இந்த லட்சணத்துல அந்தக் கடைக்கு யாரு போவா?"

நர்ஸம்மாவின் வீட்டுக்காரர் இப்படிச் சொன்னபோது அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். கை அது பாட்டுக்கு சிவப்புப் பையிலிருந்து சாமானை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தது. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கிற சூப்பர் மார்க்கெட்டின் பை அது.

தெருமுனையில் அந்த சூப்பர் மார்க்கெட் வருவதற்கு முன்னால் அவள் வீட்டுக்கு உப்பிலிருந்து சோப்பு வரைக்கும் நடுத்தெரு மளிகைக் கடையிலிருந்துதான் வந்தது. கடைக்காரர் ஒரு தினுசான வியாபாரி. "இந்தப் பருப்பு வேகாது தங்கச்சி, புது மூட்டை வரட்டும்" என்று தன் சரக்கைத் தானே விற்க மாட்டேன் என்பார். அவள் டூட்டி முடிந்து வர நேரமானால், கேட்காமலே பால் எடுத்து வைத்திருப்பார்.

ஆனாலும் புதுக் கடையில் ஏசி இருந்தது. தள்ளிக்கொண்டு போக வண்டி இருந்தது. விலையும் கொஞ்சம் சகாயம். சும்மா ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம் என்று போனவள்தான். அப்புறம் கால் தன்னால் அந்தப் பக்கம் திரும்பப் பழகிவிட்டது.

போய் வாங்குவதில் ஒரு சங்கடமும் இல்லை. வாங்கினதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதில்தான் வந்தது வினை. வழியில் மளிகைக் கடை. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். கையில் இருக்கிற பையைப் பார்க்காத மாதிரி, "என்ன தங்கச்சி, டூட்டி முடிஞ்சுதா?" என்று சிரிப்பார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதனால் பின்சந்து. கடைகளின் குடோன் ஜன்னல்களை ஒட்டிப் போகிற சந்து. ஒரு பக்கம் சாக்கடை, விளக்கு கிடையாது. முதல் நாள் உள்ளே நுழைந்தவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. பாதித் தெரு அங்கேதான் நடந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு டெய்லர். தபால்காரர் சம்சாரம். நம்ம தெருக் கடையை நாமதான் காப்பாத்தணும் என்று தெருக் கூட்டத்தில் மேஜையைத் தட்டிப் பேசின வக்கீல். எல்லார் கையிலும் சிவப்புப் பை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், துக்கம் கேட்கப் போகிறவர்கள் மாதிரி வரிசையாகப் போனார்கள்.

ஒரு மழை நாளில் நர்ஸம்மா அங்கே வழுக்கி விழுந்தாள். கணுக்கால் பிசகிவிட்டது. முட்டையெல்லாம் சேற்றில். டெய்லர்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

"யாராவது கேட்டா ஆஸ்பத்திரிப் படியில விழுந்துட்டேன்னு சொல்லிடுங்க சிஸ்டர்" என்று காதோடு சொன்னார். வீட்டுக்காரரிடமே அவள் அப்படித்தான் சொன்னாள்.

கால் தேறி வேலைக்குப் போனபோதுதான் கவனித்தாள். பொழுது சாயும்போதே மளிகைக் கடை ஷட்டர் இறங்கிக் கிடந்தது. மறுநாளும் அப்படித்தான். காலையில் திறக்கிறவர் சாயங்காலமானால் சாத்திவிடுகிறார்.

தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்றார்கள் சிலர். திமிர் என்றார் வக்கீல். நர்ஸம்மா பைகளை வீசிக்கொண்டு முன்தெருவிலேயே வர ஆரம்பித்தாள். அவரே கடையைச் சாத்திவிட்டால் நாம் என்ன செய்வது? அந்தக் கேள்வி தினமும் வீடு வரைக்கும் அவளுக்கு நல்ல துணையாக வந்தது.

சில மாசத்தில் கடை வாசலில் 'வாடகைக்கு விடப்படும்' என்று பலகை தொங்கியது.

காலி செய்கிற அன்றைக்குக் காலையில், ஒரு வார்த்தை பேசிவிட்டு வரலாம் என்று போனாள். அலமாரிகள் வெறிச்சென்று கிடந்தன. கடைக்காரர் தராசைத் துணியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கழுவின டப்பாக்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

மனசு கேட்காமல் நர்ஸம்மா கொஞ்சம் உரிமையாகவே சொன்னாள். "சாயங்காலமும் திறந்து வெச்சிருந்தா இப்படி ஆகியிருக்காதுண்ணே. நாங்கள்லாம் வேலை முடிஞ்சு வர்ற நேரமே அதுதானே."

"அது கிடக்கட்டும். உன் கால் இப்ப தேவலையா தங்கச்சி?"

"அது... ஆஸ்பத்திரிப் படியில..."

"படியிலயா?" கடைக்காரர் மனைவி டப்பாவைக் கீழே வைத்தாள். "நீங்க விழுந்தது எங்க குடோன் ஜன்னலுக்கு நேர் கீழே, நர்ஸம்மா. மழைக்கு மூட்டையை நகர்த்திக்கிட்டிருந்தோம்."

"நீ சும்மா இரு" என்றார் கடைக்காரர்.

அவள் சும்மா இருக்கவில்லை. "தூக்கிவிட ஓடினவர், உங்க பையைப் பார்த்துட்டுக் கதவுகிட்டயே நின்னுட்டார். நான் போனா அந்தப் பொண்ணு கூசிப்போயிடும்னார். அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கல அவருக்கு. நான் வாசல்ல உக்காந்திருக்கிறதாலதானே இந்த ஜனங்க சாக்கடைச் சந்துல விழுந்து எழுந்து போறாங்கன்னு புலம்பினார். மறுநாள்லேருந்து பொழுது சாஞ்சா ஷட்டரை இறக்கிடுவார். உள்ளேயேதான் உக்காந்திருப்போம். நீங்கள்லாம் கடந்து போற வரைக்கும் விளக்குகூடப் போட விடமாட்டார்."

கடைக்காரர் தராசு மூட்டைக்கு இன்னொரு முடிச்சுப் போட்டார்.

அன்றைக்கு நர்ஸம்மா கையில் எந்தப் பையும் இல்லை. ஆனாலும் பின்சந்து வழியாகத்தான் வீட்டுக்குப் போனாள்.