அட்டை வாங்காத ஃபைனல்

"அக்கா, உங்க காலைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. வாய்தான் பயமா இருக்கு. இன்னிக்கு ஒரு நாள் அதை மூடிக்கிட்டு ஆடுங்க, போதும்."

பயிற்சியாளர் கசோண்டே கெஞ்சாத குறையாகச் சொன்னாள். முடாலே பூட்ஸ் நாடாவை இறுக்கியபடி பெரிய உத்தமி மாதிரி தலையை ஆட்டினாள்.

செம்புச் சுரங்க ஊரான முஃபுலிராவில் முடாலே கோல் போடாத வருஷம் கிடையாது. அவள் ஆட்டம் என்றால் சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்தவர்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். ஆனால் கோப்பையை மட்டும் அவள் கையால் தொட்டதில்லை. ஒவ்வொரு ஃபைனலிலும் நடுவரிடம் வாயைக் கொடுத்து, சிவப்பு அட்டை வாங்கி, வெளியே உட்கார்ந்து தன் அணி தோற்பதைப் பார்ப்பாள். இப்போது வயது நாற்பதை நெருங்குகிறது. முழங்கால் இனி தாங்காது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். இதுதான் கடைசி.

கசோண்டே இந்த வருஷம்தான் தலைநகர் லுசாகாவிலிருந்து வந்தவள். அக்கா வெறுங்கையோடு போய்விடக் கூடாதே என்று அவளுக்கு ஒரே தவிப்பு.

ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ஓர் ஆஃப்சைடுக்காக முடாலே வாயைத் திறந்துவிட்டாள். அதிலும் ஒரு கூத்து. நடுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூலைக் கொடியைப் பார்த்துத் திட்டினாள்.

"கண்ணு முகத்துல இருக்கா, முதுகுல இருக்கா?"

போச்சு என்று கசோண்டே தலையில் கை வைத்துக்கொண்டாள். நடுவரோ, ஒல்லியான இளைஞர், காது கேட்காதவர் போலக் குனிந்த தலையோடு அந்தப் பக்கம் ஓடிவிட்டார்.

இரண்டாம் பாதியில் முடாலே எதிரணிக்காரி ஒருத்தியை இடித்துத் தள்ளினாள். நடுவர் அட்டையை எடுத்தே விட்டார். நாலு எட்டு வைத்தவர், இடித்தது முடாலே என்று தெரிந்ததும் சடக்கென்று திரும்பி அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆள் விலை போய்விட்டான் என்று எதிரணியான சிங்கோலாவின் ரசிகர்கள் கத்தினார்கள். கசோண்டேவுக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியில் கார்னரிலிருந்து வந்த பந்தை முடாலே தலையால் முட்டி வலைக்குள் தள்ளினாள். எதிரிகூடக் குறை சொல்ல முடியாத கோல். கோப்பையைக் கைப்பிள்ளை போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வெட்கமே இல்லாமல் அழுதுகொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தாள்.

உடை மாற்றும் அறையில் கசோண்டே கதவைச் சாத்தினாள்.

"உண்மையைச் சொல்லுங்க அக்கா. நடுவருக்கு ஏதாவது கொடுத்தீங்களா? விஷயம் வெளியே வந்தா கோப்பையைப் பிடுங்கிடுவாங்க."

"சீச்சீ. அவருக்கு நான் எதுக்குக் கொடுக்கணும்? என் மூத்த பொண்ணைக் கட்டின மாப்பிள்ளை அவரு."

கசோண்டேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பெம்பா ஜனங்களில் மாமியார் முறைப்படி சமைத்து விருந்து வைக்கிற வரைக்கும், மருமகன் அவள் எதிரில் போய் நிற்கவோ முகத்தை ஏறிட்டுப் பார்க்கவோ கூடாது; அவளும் அவனுக்கு முகம் காட்டக் கூடாது.

"அப்போ விருந்து இன்னும் வைக்கலையா அக்கா?"

முடாலே கோப்பையைத் துண்டால் துடைத்தாள்.

"போன மாசமே கோழியெல்லாம் வாங்கி ஆச்சு. அதுக்குள்ள ஃபைனலுக்கு அவருதான் நடுவர்னு காதுல விழுந்துச்சு. பாவம் பிள்ளை, நாளைக்கு முதல் வேலையா சமைச்சுப் போட்டுடறேன்."