சனியைப் பாக்க ஒரு ஸ்டேண்டு

"மறுபடியும் ஆடுதுங்க நஞ்சப்பன்."

தமிழ்மணி சார் நான் செஞ்சு குடுத்த ரெண்டாவது இரும்பு ஸ்டேண்டையும் டெம்போவுல போட்டுக் கொண்டாந்து என் பட்டறை வாசல்ல எறக்குனாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்!

நல்லம்பள்ளியில யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. கேட்டு, கிரில்லு, தண்ணி டேங்க் ஸ்டேண்டுன்னு நான் வெல்டிங் வெச்சது எதுவும் ஆடுச்சுன்னு ஒருத்தன் சொன்னது கெடையாது.

நானே அது மேல ஏறி நின்னு குதிச்சுக் காட்டுனேன்.

"ஆடுதுங்களா சார்?"

"இங்க ஆடலீங்க. வூட்டுல வெச்சா ஆடுது."

இதென்னங்க நியாயம்?

சார் மாங்கூழ் ஃபேக்டரியில சூப்பர்வைசர். டெலஸ்கோப் ஒண்ணு வாங்கி வெச்சுக்கிட்டு சனிக்கோளைப் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. அவனவன் சனி விட்டாப் போதும்னு எள்ளு வெளக்கு போடறான். இவரு தேடிப் போயிப் பாக்கறாரு!

டெலஸ்கோப்புக்குக் கீழ சாய்வா ஒரு இரும்பு ஆப்பு வேணுமாம். அதுக்குப் பேரு வெட்ஜ்; நான் ஸ்டேண்டுன்னு சொல்றது அதைத்தான். பூமி சுத்தறதால கோளு கண்ணுல இருந்து நகந்து போயிருமாம். இந்த ஆப்பு துருவ நட்சத்திரத்தைக் குறி வெச்சாப்ல சாஞ்சு நின்னாத்தான், மோட்டாரு கோளு பின்னாடியே டெலஸ்கோப்பைத் திருப்பிக்கிட்டுப் போகுமாம்.

கம்பெனி வெட்ஜ் ஒண்ணு வாங்கிப் பாத்திருக்காரு. நம்மூருக்குத் துருவ நட்சத்திரம் ரொம்பத் தாழ்வுங்க. அதனால டெலஸ்கோப்பு படுத்தாப்ல முன்னாடி தொங்குது. அந்த பாரத்தை அது தாங்கலை. அப்பறந்தான் என்கிட்ட வந்தாரு. ஆனா நான் செஞ்சது ரெண்டும் ஆடுதுங்கறாரே!

"எதுக்கு சார் இவ்வளவு கெட்டி?"

"போட்டோ எடுக்கணுங்க. துளி அசைஞ்சாலும் கலைஞ்சுரும்."

ஆமா, ஃபேஸ்புக்குல நாலு பேரு கை தட்டறதுக்கு என் உசுரை வாங்கறாருன்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்குள்ள டீக்கடையில வேற, "என்ன நஞ்சப்பா, உன் ஸ்டேண்டு ஆடுதாமே?"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டானுங்க. மானம் போச்சு.

மூணாவதா ஒண்ணு செஞ்சேன். லாரிக்கு அடிக்கற கனத்துல இரும்புச் சேனலு, நாலா பக்கமும் முட்டு. சார் வந்து பாத்தாரு. ரெண்டு கையாலயும் அதைப் புடிச்சுக்கிட்டு, வேணும்னே கையை வெடவெடன்னு நடுக்குனாரு.

"என்ன சார், குளிர் ஜுரமா?"

"சும்மா டெஸ்ட்டுங்க"ன்னு சிரிச்சாரு. "இது நல்லாருக்குங்க. இதையே எடுத்துக்கறேன்."

"நானே வந்து மாட்டித் தரேன் சார். இதுவும் ஆடுச்சுன்னா பட்டறையை மூடிட்டுப் போயிடறேன்."

அன்னிக்கே பொழுது சாய அவரு வூட்டுக்குப் போனேன். வாசல்ல கான்கிரீட்டு மேடையில வெச்சு போல்ட்டு முடுக்குனேன். அவரு வூட்டுக்காரம்மா சோபனா கையை முந்தானைக்குள்ள வெச்சுக்கிட்டு சேர்ல உக்காந்த மேனிக்கே, "வாங்கண்ணா"ன்னாங்க. டீயை சார்தான் போட்டுக் கொண்டாந்தாரு. வந்தவனுக்கு ஒரு டீ குடுக்க இந்தம்மாவுக்குக் கை வராதான்னு மனசுக்குள்ள கருவுனேன்.

இருட்டுனதும் சார் கூப்புட்டாரு. "நீங்க மொதல்ல பாருங்க."

கண்ணை வெச்சேன்.

ஐயோ சாமீ!

கும்முனு இருட்டு. நடுவால சனி. அதைச் சுத்தி வளையம். படத்துல பாத்திருக்கேங்க, ஆனா இது நெசம். அம்மாம் பெரிய வளையம், ஒரு முட்டு இல்ல, ஒரு போல்ட்டு இல்ல, எவனும் வெல்டிங் வெக்கலை, அது பாட்டுக்கு அந்தரத்துல நிக்குது! எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. என்னையறியாம கையெடுத்துக் கும்புட்டேன்.

"சார், இது நெசமாவே அங்க இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. நாமதான் நிமுந்து பாக்கறதில்ல."

சார் மேல இருந்த கோவமெல்லாம் மறந்து போச்சு எனக்கு.

"நீ வா சோபனா."

"எனக்கு வேண்டாங்க. நான் வந்தாத்தான் எல்லாங் கெட்டுப் போயிருமே."

"ஸ்டேண்டு சரியாயிருச்சும்மா. வா."

அந்தம்மா எந்திரிச்சு வந்தாங்க. முந்தானைக்குள்ள இருந்து கையை எடுத்தாங்க. ரெண்டு கையும் வெடவெடன்னு நடுங்குச்சு. நரம்பு நோவு. எதையாச்சும் புடிச்சுக்காம அவங்களால குனியக்கூட முடியலை. ஸ்டேண்டை இறுக்கிப் புடிச்சுக்கிட்டுக் கண்ணை வெச்சாங்க.

பட்டறையில சார் எதுக்குக் கையை நடுக்குனாருன்னு அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு.

"ஏங்க... அசையலீங்க! வளையம் தெரியுதுங்க! எவ்ளோ அழகா நிக்குதுங்க!"

ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவே இல்லை. கன்னத்துல தண்ணி வழியுது, தொடைக்கக்கூட இல்லை. அப்பறம் நிமுந்து என்னைப் பாத்தாங்க.

"அண்ணா, நீங்க நெசத்தைச் சொல்லுங்க. முன்னாடி ரெண்டு தடவையும் நான் பாத்தப்ப சனி குதிகுதின்னு குதிச்சுது. ஸ்டேண்டுதான் கோளாறுன்னு இவரு சொன்னாரு. எனக்காகப் பொய் சொல்றாருன்னு நெனச்சு இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு இருந்தேன். ஆடுனது ஸ்டேண்டா, என் கையா?"

தமிழ்மணி சார் என் மூஞ்சியையே பாத்தாரு.

"உங்க கையி என்னம்மா பண்ணுச்சு? அந்த ரெண்டுலயும் என் வெல்டிங்தான் சரியில்லீங்க"ன்னேன்.