கண்டிப்பான அப்பா

“இனிமே நீ அவன்கூடப் பேசக் கூடாது. சொல்லிட்டேன்.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “வாயைத் திறம்மா, வலிக்காதுன்னு சொல்ற மாதிரி இருக்குப்பா.”

பல் டாக்டருக்கு வெட்கமாகிவிட்டது. மருத்துவமனை ஆண்டு விழாவில் ஒரு பழைய சோக நாடகம். மகளை அடக்கி அடக்கியே சாகடிக்கும் அப்பா வேடம் அவருக்கு. வசனமெல்லாம் மனப்பாடம், கண்டிப்பு மட்டும் வரமாட்டேன் என்றது.

மகளின் கைபேசி அதிர்ந்தது. வரப்போகிற மாப்பிள்ளை. மகள் அப்பாவைப் படமெடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

“கத்தாதீங்கப்பா. அன்பா, மெதுவா சொல்லணும். ‘உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். வேலைக்கெல்லாம் எதுக்குப் போறே? யார்கூடப் பேசினே? போனைக் காட்டு.’ சொல்லிட்டுக் கையை நீட்டிக்கிட்டே நில்லுங்க.”

அப்படியே செய்து பார்த்தார். நீட்டிய கையை அவரே சட்டென்று இழுத்துக்கொண்டார்.

“இதெல்லாம் எங்கேம்மா கத்துக்கிட்டே? நான் உன்னை ஒருநாளும் இப்படி...”

மகளின் சிரிப்பு நின்றது. கைபேசி மறுபடி அதிர்ந்தது. அதை அப்பாவிடம் நீட்டினாள். ‘அப்பா மட்டும்தானா? ரூம் முழுக்கத் தெரியற மாதிரி இன்னொரு போட்டோ அனுப்பு.’

டாக்டர் வசனத் தாளை மடித்து வைத்தார். “நான் பேசட்டுமா, நீயே பேசறியா?”

“நானே பேசறேன்ப்பா.”

எண்ணை அழுத்தினாள். “கல்யாணம் வேண்டாம். இனிமே நீங்க என்கூடப் பேசக் கூடாது. சொல்லிட்டேன்.”

டாக்டர் கைதட்டினார்.

“இந்தக் குரலைச் சொல்லித் தராம, இவ்வளவு நேரம் அவன் குரலைப் போய்ச் சொல்லித் தந்தியேம்மா.”