அம்மாவின் கைவேலை

"இது எங்கம்மா செஞ்சதே இல்லை."

யூனிஸ் அந்தச் சின்னக் கலயத்தை ஒரே ஒரு தடவைதான் திருப்பிப் பார்த்தாள். உள்ளே விரலை விட்டுத் துழாவினாள். நுனியில் ஒட்டிய மணலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் வெண்டலுக்குச் சுருக்கென்றது. "என்னடி இப்படிச் சொல்றே? இதை வாங்க பீனிக்ஸ்லேருந்து ஒரு ஆள் கிளம்பியாச்சு. பெத்த பொண்ணு வாயால 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான் கேக்கறார். ஒழுகற கூரையை மாத்திடலாம்."

"எங்கே புடிச்சே இதை?"

"வின்ஸ்லோ சந்தையில. பழைய சாமான் விக்கிறவன்கிட்ட."

"எங்கம்மா பேரைச் சொல்லி எவளோ செஞ்சதுக்கு நான் சாட்சி சொல்லணுமாக்கும்!"

அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. அவள் கைவேலையை அடையாளம் சொல்ல, பொலாக்கா கிராமத்தில் இனி யூனிஸ் ஒருத்திதான். அந்தப் பேரோடு விளையாட அவள் யாரையும் விட்டதில்லை.

முற்றத்தில் அன்றைய சூளை மூட்டத்துக்குப் பானைகளை அடுக்கியாகிவிட்டது. காற்று கிளம்புவதற்குள் கொளுத்த வேண்டும். பானைகளை உடைந்த ஓடுகளால் மூடிவிட்டுத்தான் காய்ந்த ஆட்டு எருவை அடுக்குவார்கள். எரு நேராகப் பட்டால் பானை கறுத்துப்போகும். இன்று ஓடு போதவில்லை.

யூனிஸ் ஒரு கல்லை எடுத்தாள். "போலிக்கு இங்கே நல்ல வேலை இருக்கு."

"ஐயோ, உடைச்சிராதே!" வெண்டல் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். முகம் வெளுத்துவிட்டது. "உங்கம்மா செஞ்சதுதான், சத்தியமா! சந்தைன்னு சொன்னது பொய். சாகறதுக்கு முன்னால அவங்களே கூப்பிட்டு என் கையில குடுத்தாங்க. தெரிஞ்சா நீ விக்க விடமாட்டேன்னுதான் மறைச்சேன்."

யூனிஸ் கல்லைக் கீழே போட்டாள். கலயத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அம்மா செஞ்சதுதான். பார்த்ததுமே தெரிஞ்சுது. என் தங்கச்சி மூணு வயசுல செத்தப்போ, அவ தலைமாட்டுல வச்சுப் புதைச்சாங்க. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

வெண்டல் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"குழியையாவது மூடினியா?"