ஆறு மாத மௌனம்

பாகூர் ஜவுளிக்கடை நிஜாமுதீனின் மனைவி கைருன்னிசா வாய் பேசி ஆறு மாதமாயிற்று. தாயத்துக் கட்ட அவள் கழுத்தில் இனி ஓர் அங்குலம் இடமில்லை. கடைசியில் நிஜாமுதீன் அவளை டவுனில் இருந்த மனோவியாதி டாக்டரிடம் அழைத்து வந்துவிட்டார்.

“ராத்திரி தூக்கம் வருதாம்மா?” என்றார் டாக்டர்.

“இடி வுழுந்தாலும் தூங்குவா டாக்டர்,” என்றார் நிஜாமுதீன்.

“மனசுல என்னம்மா கஷ்டம்?”

“இவளுக்கு இன்னா கஷ்டம்? மகாராணி கணக்கா வச்சிருக்கேன்!”

டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் கூப்பிட்டார்.

“உங்க சம்சாரம் மழையா கொட்டித் தீர்த்துட்டாங்க பாய். யாரு எதைக் கேட்டாலும் நீங்களே பதில் சொல்லிடறீங்களாம். நமக்கெதுக்கு வாயின்னு பேச்சை வுட்டுட்டாங்களாம்.”

ஆறு மாதத்துக்குப் பிறகு கைருன்னிசா கணவனைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

நிஜாமுதீன் முந்திக்கொண்டார். “சேச்சே, அவ அப்படியெல்லாம் சொல்லமாட்டா டாக்டர்!”