தெருமுக்குச் சத்தம்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சங்கையாவைத் தேடி, கணவன் ஜெயபாண்டிக்குத் தெரியாமல் வந்திருந்தாள் மாரீஸ்வரி.

"எங்க வீட்டு அவிய பழைய வண்டியில கடகடன்னு சத்தம் வருதுல்ல, அதைச் சரி பண்ணிராதீங்க தம்பி."

"டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் தேஞ்சுபோச்சுக்கா, அதான் சத்தம். மாத்தலைன்னா இன்ஜினே போயிரும்."

"அவிய வர்றது தெருமுக்குலயே எனக்குத் தெரியணும். ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

சங்கையா ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"அண்ணனும் மாத்த வேண்டாம்னுதான் மொதல்ல சொன்னாரு. 'என்கூடச் சண்டைபோட்டுத் தனியா இருக்க எங்கப்பா, நான் இல்லாத நேரம் வீட்டுக்கு வந்து சாப்பிடுதாரு. வண்டிச் சத்தம் கேட்டாத்தான் பின்வாசல் வழியா போகத் தோதா இருக்கும். நான் பாத்துட்டா பொறவு வரவே மாட்டாரு'ன்னாரு."

"அப்போ அவியளுக்கு எல்லாம் தெரியுமா?" என்றாள் மாரீஸ்வரி.

"டென்ஷனரை மாத்திட்டேன்க்கா. சத்தத்துக்குப் பதிலா பெரிய ஹாரனா மாட்டச் சொல்லிட்டாரு."

மறுநாள் மதியம், தெருமுக்கில் ஹாரன் நீளமாக அலறியது. தட்டை விட்டு எழப்போன மாமனாரிடம் மாரீஸ்வரி சொன்னாள்:

"உக்காருங்க மாமா. மோர் ஊத்திச் சாப்பிட்டுட்டே போகலாம். அவிய வீட்டுக்கு வர இன்னும் செத்த நேரம் ஆகும்."