ஐவியின் லேகியம்

வைத்தியசாலைப் படியேறும்போதே ஐவிக்கு மூச்சு வாங்கியது. பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திரும்பிப் போயிரலாம் ஐவி. ஆசுபத்திரிக்கே போயிரலாம்" என்றார் அவள் புருஷன் அம்புரோஸ்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சுங்க. வைத்தியரை நேர்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிரலாம்."

அருவங்காட்டிலிருந்து குன்னூர் வரும்வரை பஸ்ஸில் அவர் இதையேதான் வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வைத்தியர் ஊரில் இருக்கமாட்டார் என்றார். மழை வரும்போல இருக்கிறது என்றார். ஐவி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் 'உம்' கொட்டினாள்.

மாதவிலக்கு வந்தால் அவளுக்கு நிற்பதில்லை. ஆசுபத்திரி டாக்டர் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றதும் பயந்துபோனாள். இதே தொல்லை இருந்த தபித்தாள் டீச்சர், குன்னூர் வெள்ளியங்கிரி வைத்தியரின் அசோகப்பட்டைக் கஷாயத்தில் குணமானதாக சர்ச்சில் வைத்துச் சொன்னாள்.

ஆம்பிளை வைத்தியர் முன்னால் உட்கார்ந்து இதைச் சொல்ல ஐவிக்குக் கூச்சம். நீங்களே போய்ச் சொல்லி வாங்கிவந்துவிடுங்கள் என்று புருஷனை அனுப்பினாள்.

அவர் வாங்கி வந்தது லேகியம்.

டீச்சருக்குக் கஷாயம்தானே கொடுத்தார்கள் என்று ஐவி கேட்டதற்கு, ஆளுக்கு ஆள் மருந்து மாறும் என்றார். அவள் நம்பினாள். காலையும் ராத்திரியும் நெல்லிக்காய் அளவு உருட்டி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். பத்தியமும் தப்பவில்லை. கிறிஸ்துமஸுக்கு எல்லாருக்கும் கோழி வறுத்துப் போட்டுவிட்டு, தான் மோர்ச்சோறு சாப்பிட்டாள்.

உதிரம் மட்டும் நிற்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், பாட்டுக்கு எழுந்து நின்றவள் அப்படியே சரிந்துவிட்டாள். சேலையின் பின்பக்கம் நனைந்திருந்ததை மற்றவர்கள் பார்ப்பதற்குள் அம்புரோஸ் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினார். அன்றிலிருந்து அவள் முகத்தை அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை.

மேலே வைத்தியசாலையில் பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள். எல்லாரும் ஆண்கள். அம்புரோஸ் ஐவியின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டார்.

அப்படியும் வைத்தியர் அவரைக் கண்டுபிடித்துவிட்டார். முகம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க. லேகியம் கேக்குதுங்களா? மூலத்துல ரத்தம் போறது நின்னுருச்சுங்களா?"



அம்புரோஸ் முதல்முதலாக வந்த அன்று, இதே பெஞ்சில், அவரோடு ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஜஸ்டஸ் முட்டிவலித் தைலத்துக்காக உட்கார்ந்திருந்தான். பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வாக்கியத்தை அவன் காதுபட அவரால் சொல்ல முடியவில்லை. ரத்தம் போகிறது என்று மட்டும்தான் சொன்னார். உங்களுக்கா, மூலமா என்று வைத்தியர் கேட்டார். அவர் தலையாட்டிவிட்டார்.

ரத்தத்தை நிறுத்துகிற மருந்து யாருக்கானால் என்ன என்று வழியெல்லாம் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

அடுத்த தடவை உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தார். அடுத்த தடவையும் பெஞ்சில் யாரோ இருந்தார்கள்.

ஐவி மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள். வெளுத்துப்போயிருந்த உதடுகள் ஒருமுறை அசைந்தன. 

அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தார். அத்தனை பேர் முன்னாலும் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அவளோ ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு போய், வைத்தியருக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அவருக்கு நின்னுருச்சுங்க" என்றாள், பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படியாக. "எனக்குத்தான் இன்னும் நிக்கலைங்க."